அஞ்சினான் புகலிடம் முதல் ரெயின் பசேரா வரை: தங்க இடம் கொடுத்த தர்மத்தின் கணக்கு

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு யூசுஃப் சராய் தெரியும், கட்வாரியா சராய் தெரியும், பேர் சராய், ஜியா சராய், லாடோ சராய், சராய் ரோஹில்லா, சராய் காலே கான் எல்லாம் தெரியும். பஸ் நம்பர் சொல்வதற்கும் வீட்டு அடையாளம் சொல்வதற்கும் தினம் இந்தப் பெயர்களைச் சொல்கிறோம். சராய் என்றால் என்ன என்று யாரும் நின்று கேட்பதில்லை. வழிப்போக்கனுக்குத் தங்க இடம் கொடுத்த கட்டடம்தான் சராய். நம் ஊர்ப் பாஷையில் சத்திரம். இத்தனை சத்திரங்களின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் இதே நகரத்தில், மார்கழிக் குளிரில் மேம்பாலத்தின் கீழே ஆயிரக்கணக்கான பேர் படுத்திருக்கிறார்கள். பெயர் நின்றது, தர்மம் எங்கே போயிற்று? அடியேன் படித்த புலவன் அல்ல. கடை வைத்துப் பிழைப்பவன். ஆகையால் இந்தக் கேள்வியைக் கடைக்காரன் பார்வையில், அதாவது வரவு செலவு பார்வையில், கொஞ்சம் சரித்திரத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பழந்தமிழில் தங்க இடம்

தமிழில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் மணிமேகலைக்குத்தான் போக வேண்டும். மதுரைக்கு வந்து சேர்ந்த ஆபுத்திரன் தங்கியது சிந்தாதேவி கோயிலின் முன் மண்டபத்தில். அவனுக்கே வீடு கிடையாது. பகலெல்லாம் வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவில்லாதவர், நோயாளிகள் எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்கினான் என்பது கதை. புகாரில் உலக அறவி என்று ஒரு பொது அம்பலம் இருந்ததாகவும் அதே காப்பியம் சொல்கிறது. கடைசியில் மணிமேகலை அரசனிடம் கேட்கும் வரம் என்ன? சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றித் தர வேண்டும் என்பதுதான். புதுக் கட்டடம் அவள் கேட்கவில்லை. இருக்கும் அரசாங்கக் கட்டடத்தின் உபயோகத்தை மாற்றச் சொன்னாள். இந்த நுணுக்கம் பின்னால் நமக்கு உதவும்.

காப்பியம் கற்பனை என்று சொல்பவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நடுநாட்டிலும் தொண்டை நாட்டிலும் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று ஒரு சொல் வருகிறது. பயந்து வந்தவனுக்கு அடைக்கலம் தரும் இடம் என்று அர்த்தம். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை, பள்ளிச்சந்தல் பகுதியில் கண்டராதித்தப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. அதையொட்டி ஓர் அஞ்சினான் புகலிடம் அமைந்திருந்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஊரின் பெயரான பள்ளிச்சந்தல் என்பதே பள்ளிச்சந்தம் என்ற சொல்லை நினைவூட்டுகிறது. பள்ளிச்சந்தம் என்றால் பள்ளிகளின் செலவுக்காக இறையிலியாக விடப்பட்ட நிலம்.

எங்கள் சமயத்து நூல்கள் நான்கு தானம் சொல்லும். ஆஹாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் சமந்தபத்திரர் தம் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் வேறொரு பட்டியல் தருகிறார். உணவு, மருந்து, உபகரணம், ஆவாசம். ஆவாசம் என்றால் இருக்க இடம். துறவிகளுக்கு இல்லறத்தார் செய்யும் பணிவிடையாகத்தான் அவர் அதைச் சொன்னார் என்பது உண்மை. ஆனாலும் சோறு, மருந்து இரண்டுக்கும் சமமான வரிசையில் கூரையையும் வைத்தாரே, அது கவனிக்க வேண்டிய விஷயம். நம் ஜனங்கள் அன்னதானத்துக்கு ஓடி வருவார்கள். கூரை தானம் என்றால் யோசிப்பார்கள். காரணம் எளிது. சோறு ஒரு வேளையோடு முடிந்துவிடும், கூரை என்றால் நாளைக்கும் செலவு இருக்கு.

தஞ்சைச் சத்திரங்கள் எப்படி நடந்தன?

நாளைக்கும் இருக்கும் அந்தச் செலவுக்கு வழி செய்தவர்கள் தஞ்சை மராட்டிய ராஜாக்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் பாதையிலும் மற்ற இடங்களிலும் அவர்கள் கட்டிய சத்திரங்கள் பல. பெரும்பாலானவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802-ல் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம். மரணப் படுக்கையில் முக்தாம்பாள் கேட்டுக்கொண்டதற்காகக் கட்டியது என்பார்கள். கட்டடத்தின் அடிப்பாகம் யானையும் குதிரையும் இழுக்கும் தேர் மாதிரி செதுக்கியிருக்கும். பார்க்காதவர்கள் ஊருக்குப் போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

1801-ல், ராஜ்ஜியம் கம்பெனியார் கைக்குப் போய்விட்ட பிறகு, சரபோஜி கம்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குச் சேர வேண்டியதைப் பற்றி எத்தனையோ பேசலாம், ஆனால் அந்தக் கடிதம் பேசுவது சத்திரங்களைப் பற்றி. சத்திரத்துக்கு விட்ட நிலங்களைத் தொடக் கூடாது, தர்மம் நிற்கக் கூடாது என்பதுதான் சாரம். அங்கே என்னென்ன நடக்கிறது என்று விவரமாக எழுதுகிறார். பிராமணர் முதல் கடைசிச் சாதி வரை வருகிறவர்களுக்கெல்லாம் உணவு. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கேட்டுப் போடுவது. நோயாகப் படுத்தவர்களுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சோறும். கர்ப்பிணியாக வந்த பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து அனுப்புவது. அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. அங்கேயே இறந்து போனவர்களுக்கு அவரவர் முறைப்படி கடைசிக் காரியம்.

இதிலே ஒரு வியாபாரி பார்க்க வேண்டியது நிர்வாகம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் தனி நிலம். அந்த நிலத்தின் விளைச்சல் அந்தச் சத்திரத்துக்கே. மேற்பார்வைக்கு ஆள், கணக்கு எழுத ஆள், சமையலுக்கு, பெருக்குவதற்கு, வைத்தியத்துக்குத் தனித்தனி ஆள். கட்டியவர் போனாலும், ராஜாவே போனாலும், நிலம் இருக்கும் வரை அடுப்பு எரியும். முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

குறையும் சொல்ல வேண்டும். சரபோஜி எழுதியது போல எல்லாச் சத்திரமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் இலை போட்டார்கள். இன்னொன்று, சத்திரம் வழிப்போக்கனுக்காக ஏற்பட்டது. மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்பது சத்திரங்களிலும் தர்மசாலைகளிலும் பொதுவான வழக்கம். வழிப்போக்கன் எங்கோ ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, வேறு எங்கோ போகிறவன். நான்காம் நாள் அவன் போய்விடுவான். போவதற்கே இடமில்லாதவனை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு மூன்று நாள் சத்திரத்தில் பதில் இல்லை.

கஞ்சித்தொட்டி

அந்தக் கேள்வி சென்னைப்பட்டணத்தில் வந்தது. ஹைதர் அலி யுத்தத்தில் ஊர்கள் பாழாகி, 1782 வாக்கில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் பட்டணத்துக்குள் கூட்டம் கூட்டமாக நுழைந்தார்கள். வடசென்னையில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. கிராம மணியக்காரர் பெயரால் மணியக்காரர் சத்திரம் என்று ஆகி, ஆங்கிலேயர் வாயில் மோனிகர் சௌல்ட்ரி என்று திரிந்தது. பஞ்சம் போன பிறகும் போக்கிடம் இல்லாத முதியவர்களும் நோயாளிகளும் அங்கேயே இருந்தார்கள். மூன்று நாள் கணக்கு அங்கே செல்லவில்லை. நோயாளிகள் இருந்ததால் 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற வைத்தியர் முயற்சியில் ஆஸ்பத்திரி வந்தது. ஆஸ்பத்திரி வளர்ந்து, பின்னால் வைத்தியப் பள்ளியும் வந்து, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இன்றைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

வீடற்றவனுக்கு இடம் கொடுத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும். பஞ்சத்தில் ஊற்றிய கஞ்சியிலிருந்து ஒரு மருத்துவக் கல்லூரியே முளைத்தது.

தில்லியின் சராய்கள்

வடக்கே இதே காரியம் வேறு விதமாக நடந்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா, பெரும் பாதைகளில் இரண்டு கோஸ் தூரத்துக்கு ஒரு சராய் கட்டினார், மொத்தம் 1,700 சராய் என்று அப்பாஸ் கான் சர்வானி எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம், ஏற்பாடு முக்கியம். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறை, வாசலில் தண்ணீர்ப் பானை, சமையலுக்கு ஆள், சராயின் செலவுக்குப் பக்கத்துக் கிராமங்களின் வருமானம். தஞ்சையில் பார்த்த அதே தத்துவம்: செலவு எங்கே இருக்கிறதோ அங்கேயே வரவையும் கட்டி வைப்பது.

சாந்தினி சௌக்கில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா கட்டிய பேகம் சராயைப் பிரெஞ்சுக்காரர் பெர்னியர் பார்த்துப் புகழ்ந்திருக்கிறார். 1857 கலகத்துக்குப் பிறகு அது இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் டவுன் ஹால் எழுந்தது. வழிப்போக்கருக்கு இருந்த நிலத்தில் நகராட்சி உட்கார்ந்தது. ரயில் வந்தது, ஓட்டல் வந்தது, சராய்கள் ஊர்ப் பெயராகவும் பஸ் ஸ்டாப்பாகவும் மாறின.

2010 தீர்ப்பு

சுதந்திரத்துக்குப் பின் தில்லியில் அரசு நடத்திய இரவுத் தங்குமிடங்களுக்கு ரெயின் பசேரா என்று பெயர். ரெயின் என்றால் இரவு, பசேரா என்றால் தங்குமிடம். பறவை கூட்டில் அடைவதற்கும் இதே பசேரா என்ற சொல்லைத்தான் சொல்வார்கள்.

2009 டிசம்பரில், காமன்வெல்த் விளையாட்டுக்கு நகரம் தயாராகிக்கொண்டிருந்த சமயம், பூசா ரோடு ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் கூடாரத் தங்குமிடத்தை மாநகராட்சி அகற்றியது. கடுங்குளிர். உயிர்ச்சேதம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. தில்லி உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் நியமித்திருந்த கமிஷனர்களும் 2010 ஜனவரியில் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். சோறில்லாதவன் குளிரை எப்படித் தாங்குவான், ஆகவே கூரையும் உணவு உரிமையில் சேர்ந்ததே என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. உச்சநீதிமன்றம் முதலில் தில்லிக்கும், 2010 மே மாதத்தில் மற்ற மாநிலங்களின் பெரிய நகரங்களுக்கும் உத்தரவிட்டது. லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம், அதில் 100 பேருக்கு இடம், வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. சமந்தபத்திரர் சோற்றோடு ஆவாசத்தைச் சேர்த்தார் என்று மேலே சொன்னேனே, நீதிமன்றமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே வருஷம் ஜூலையில் தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் அமைந்தது. காப்பகங்களை இப்போது அந்த வாரியம்தான் வைத்திருக்கிறது, தொண்டு நிறுவனங்களை டெண்டர் மூலம் பிடித்து நடத்துகிறது. 2013 செப்டம்பரில் மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தது. அதில் வீடற்றோர் காப்பகத்துக்கென்றே ஒரு பிரிவு. பணம் ஒதுக்கியும் மாநிலங்களில் வேலை நடக்கவில்லை என்று புகார் போய், 2016 நவம்பரில் ஓய்வு பெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் உச்சநீதிமன்றம் ஒரு குழு போட்டது. அந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிந்தும் போயிற்று.

ஒரு வியாபாரியின் பேரேடு

இனி கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, வீடற்றவர்களைத் தனியாக எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, ஹியூம் பைப், ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் என்று தேடி எண்ணியதில் நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர். 2001-ல் 19.43 லட்சம். மொத்தம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம், ஆனால் நகரங்களில் மட்டும் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாகக் கூடியிருக்கு. கிராமத்தில் குறைந்து பட்டணத்தில் ஏறியிருக்கிறது. தில்லியில் எண்ணியது 46,724 பேர். தூங்கும் மனிதனை இருட்டில் எண்ணிய கணக்கு, விட்டுப்போனவர்களும் இருப்பார்கள்.

தில்லியின் 2011 ஜனத்தொகை 168 லட்சம். உச்சநீதிமன்றத்தின் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் 168 காப்பகம், 16,800 பேருக்கு இடம். அதாவது எண்ணிய தொகையிலேயே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இன்றைக்கு வாரியத்திடம் 200-க்குச் சற்றுக் குறைவான காப்பகங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை அளவில் தில்லி உத்தரவை நிறைவேற்றியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் பல, தகரக் கொட்டகை.

நடத்தும் செலவைப் பாருங்கள். 2013 விதிமுறைப்படி 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய், அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். 50 பேரை 365 நாளால் பெருக்கினால் 18,250 இரவுகள். 6 லட்சத்தை அதனால் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 33 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. இன்னொரு விதமாகப் போட்டால் மாதம் 50,000 ரூபாய். மூன்று ஷிப்டுக்கு மூன்று காவலாளி, ஒரு மேலாளர் என்று அதே விதிமுறை சொல்கிறது. கரண்ட், தண்ணீர், போர்வை, பினாயில் எதற்கும் ஒரு பைசா செலவழிக்காமல் முழுவதையும் சம்பளமாகப் பிரித்தாலும் தலைக்கு 12,500. தில்லியில் 2023-ல் பயிற்சி இல்லாத தொழிலாளிக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மாதம் 17,000-க்கு மேல். அப்போ காப்பகத்தைக் காப்பவனுக்கே வாடகை கொடுக்க வழியில்லை. மூட்டைப்பூச்சி இருக்கிறது, போர்வை நாறுகிறது என்று குறை சொல்கிறோம். 33 ரூபாயில் யார் நடத்தினாலும் அப்படித்தான் இருக்கும்.

கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும், திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நடத்துவதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம், தினம் பெருக்குவதற்குத் திறப்பு விழா கிடையாது. சரபோஜிக்கும் ஷேர்ஷாவுக்கும் இது தெரிந்திருந்தது. நிலத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள். நம் காலத்தில் ஐந்து வருஷத் திட்டம், வருஷ டெண்டர். நடத்துகிறவனுக்கு அடுத்த வருஷம் தான் இருப்போமா என்றே தெரியாது.

நிலத்துக்கும் இதே கதி. 2023 பிப்ரவரியில் சராய் காலே கானில் இருந்த ஒரு காப்பகம் இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் காஷ்மீரி கேட் பக்கம் யமுனைக் கரையில் இருந்தவையும் போயின. பெயரிலேயே சராய் இருக்கும் இடத்தில் ஒரு சராய்க்கு நிலைத்த நிலம் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு படி

இரவுக் காப்பகம் உயிரைக் காக்கும். வீடாக அது ஆகாது. நடைபாதைக்கும் வாடகை அறைக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஒரே இடத்தில், பூட்டுப் போட்ட பெட்டியோடு இருக்க வேண்டும். அப்போதுதான் ஆதாருக்கு விலாசம், விலாசத்தால் பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். கடைசியில் வாடகை அறைக்கு அட்வான்ஸ். நடைபாதையில் படுக்கிறவர்கள் சோம்பேறிகள் என்று நினைப்பது தப்பு. சதர் பஜாரில் நம் சரக்கைத் தள்ளுவண்டியில் இழுக்கிறவன், கல்யாண வீட்டில் தட்டு எடுக்கிறவன், ரிக்‌ஷா மிதிக்கிறவன், இவர்களெல்லாம் அதில் உண்டு. சம்பாதிக்கிறான், ஆனால் சம்பாதித்ததை வைக்கப் பெட்டி இல்லை. இரவில் பையிலிருந்து போய்விடுகிறது. அதனால் அட்வான்ஸ் சேருவதே இல்லை. அவன் மாட்டிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்.

செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் எங்கள் சமயத்தார் பறவைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். சிறகொடிந்த புறாவை வைத்துக்கொண்டு, கட்டுப் போட்டு, பறக்கும் நாள் வரை காத்திருந்து, மொட்டைமாடியிலிருந்து விடுகிறார்கள். மூன்று நாள் ஆயிற்று போ என்று சொல்வதில்லை. அந்தப் பொறுமையைத்தான் மனிதனுக்கும் கேட்கிறேன்.

வெளிமாநிலத்தில் வந்து குடியேறிய நாம் ஒவ்வொருவரும் முதலில் யாரோ ஒரு மாமா வீட்டிலோ, சித்தப்பா அறையிலோ, கரோல் பாக் மெஸ்ஸிலோ ஆறு மாசம் ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள்தான். அந்த ஆறு மாசம்தான் நமக்குக் கிடைத்த நடுப்படி. மாமா இல்லாதவன் மேம்பாலத்தடியில் இருக்கிறான்.

நம் சங்கங்கள் காப்பகம் கட்ட வேண்டாம், அது அரசின் கடமை. நாம் கட்டளை வைக்கலாம். கோயிலுக்குக் கட்டளை வைப்பது நமக்குப் பழக்கமான காரியம்தானே. பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு காப்பகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நிரந்தர வைப்புத் தொகை போட்டு, அதன் வட்டியில் பூட்டுப் பெட்டி, போர்வை வெளுப்பு, வாரம் ஒரு நாள் டாக்டர், படிவம் நிரப்ப ஓர் ஆள். கொஞ்சம் பெரிய சங்கமானால் வாடகை அட்வான்ஸுக்கு ஒரு சுழல் நிதி. முதலைத் தொடக் கூடாது, கணக்கை வருஷா வருஷம் மலரிலே அச்சிட வேண்டும். சிறையை அறச்சாலையாக்கச் சொன்ன மணிமேகலை போல, காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடங்களைக் காப்பகத்துக்குத் தரச் சொல்லி மனுவும் கொடுக்கலாம். பையன் பிறந்த நாளுக்கு அன்னதானம் செய்பவர்கள் ஒரு வருஷம் அந்தத் தொகையை ஆவாச தானத்துக்கு மாற்றிப் பார்க்கட்டும்.

ஊர் பெரிசாவது கட்டடத்தால் மட்டும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் அந்த ஊரில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதாலும்தான். சத்திரத்தில் நள்ளிரவு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கேட்டார்கள். நம் பேட்டையில் இன்னும் படுக்க இடமில்லாதவர் உண்டா என்று நாமும் கேட்போம்.